பெல்ட்டின் மேல் போட்ட பழி

ராத்தாவின், என் அக்காவின், வலது கண் மங்கியதற்கு நான்தான் காரணமா என்று கண்டியில் ஒரு கண் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். ராத்தாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டினார். அது எப்படியும் நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம், உறுதியாக யாராலும் சொல்ல ஏலாது என்றார். ஓம் என்றாவது இல்லை என்றாவது அவர் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நான் கல்முனையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். விசையின் திருப்பம் என்றொரு பாடம் வரும். ஸ்பேனரின் பிடி நீளமாக இருந்தால் ஏன் நட்டு இலேசாக இறுகுகிறது என்று படம் வரைந்து விளக்குவேன். அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிற ஆளுக்குக் கார் வேலை ஒன்றும் பெரிய விஷயமில்லை என்ற எண்ணம் எனக்குள் மெதுவாக வளர்ந்திருந்தது. சாமான் விலை ஏறிக் கிடந்த காலம். கராஜுக்குப் போவதைக் குறைத்து, ஒயில் மாற்றுவது, பிரேக் மாற்றுவது என்று வீட்டு முற்றத்தில் தொடங்கினேன். ஒரு வருடப் பாடசாலை விடுமுறையில் என்னுடைய காரின் டைமிங் பெல்ட்டையும் நானே மாற்றினேன்.

டைமிங் பெல்ட் என்பது பல்லுப் பல்லாக இருக்கும் ஒரு ரப்பர் வார். எஞ்சினின் அடியில் சுற்றுவதையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடுவதையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருப்பது அதுதான். அது ஒரு பல்லு வழுக்கினால் எஞ்சின் இருமும். பல பல்லு வழுக்கினால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை அடிக்கும். அத்தோடு எஞ்சின் முடிந்தது.

என் காருக்கு மூன்று நாள் எடுத்தேன். ஜம்பு மரத்தின் கீழ் ஜெக் வைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பெயர் எழுதிய தயிர் மண் முட்டிகளில் போட்டு வைத்தேன். கறுத்த கையோடு நின்று படம் எடுத்துக் குடும்பத்து வாட்ஸப்பில் போட்டேன். மாஷா அல்லாஹ் மாஷா அல்லாஹ் என்று வந்து குவிந்தது. ராத்தாதான் முதலாவதாகப் போட்டவர்.

ராத்தா என்னை விட ஒன்பது வயது மூத்தவர். அவரும் டீச்சர்தான். ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போய் வருவார். ஊரில் பெண்கள் ஸ்கூட்டி ஓடத் தொடங்கிய காலத்திலேயே ஓடியவர். பதினைந்து வருடமாக நீரிழிவு. அது கண்ணுக்குப் போய், கண்ணின் உள்ளே சின்ன இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருந்தன. கண்டிக்குப் போய் லேசர் அடிக்க வேண்டும், பிந்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மாதக் கணக்காகக் காத்திருந்து ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் திகதி கிடைத்தது.

ராத்தாவின் கணவர், என் மச்சான், வெள்ளாமை செய்கிறவர். வயல் வட்டைக்குப் போக மோட்டார் சைக்கிள், ராத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு பழைய ஜப்பான் கார். அந்தக் காரை வழக்கமாகப் பார்க்கிறவர் காரைதீவில் கராஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணன். திகதிக்கு முந்திய கிழமை, பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அவர்களின் வீட்டுக்குப் போயிருந்தபோது மச்சான் சொன்னார்.

"பெல்ட்டு மாத்துற காலம் எப்பவோ கடந்து போயிட்டாம் மச்சான். அண்ணன் திங்கக்கிழம கொண்டு வாங்க, புதன்கிழம தாறன் எண்டு சொல்றார். ஒருக்கா பிந்திச்செண்டா வியாழக்கிழம என்ன செய்யிற? அதான் பஸ்ஸிலயே போவமோ எண்டு பாக்கன்."

"பஸ்ஸிலயா? ராத்தா அவ்வளவு தூரம் பஸ்ஸில குந்தியிருக்க ஏலுமா? சனிக்கிழம கார எங்கட வீட்ட கொண்டு வாங்க. நான் மாத்தித் தாறன்."

"ஒங்களுக்கு ஏலுமா?"

நான் பதில் சொல்லும் முன்னர் ராத்தா குசினிக்குள் இருந்து சொன்னார். "அவன் தன்ட காருக்கே செஞ்சவன்தானே. சும்மா போட்டு யோசிக்காதீங்க."

அந்த வேலையைச் செய்து தரச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அண்ணன் புதன்கிழமை தருவதாகச் சொன்னால் புதன்கிழமை தருகிற ஆள்தான். அது எனக்கும் தெரியும்.

பெல்ட் வாங்க மச்சானும் நானும் பிரதான வீதியில் இருக்கும் உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதானவர். ஹஜ் செய்தவர் என்பதால் எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியை உடைத்துப் பெல்ட்டை வெளிச்சத்தில் பிடித்து, பல்லுகளில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

"நல்ல சாமான் தம்பி. டென்ஷனரும் சேத்து மாத்துங்க. ஆரு மாத்துற?"

"நான்தான் ஹாஜியார்."

"மாஷா அல்லாஹ்" என்று சிரித்தார்.

டென்ஷனர் என்பது பெல்ட்டைத் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கும் சில்லு. அதை ஒரே ஒரு போல்ட்தான் எஞ்சினோடு பிடித்து வைத்திருக்கும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். என் காருக்கு மூன்று நாள் எடுத்தவன், இதை ஒரே நாளில் முடிப்பதென்று மனதுக்குள் போட்டி வைத்துக்கொண்டேன். பத்தரை ஆகும்போது எல்லாம் கழன்று கிடந்தன. பாடசாலையில் எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை மையால் பல்லுகளில் அடையாளம் வைத்தேன். புதுப் பெல்ட்டைப் போட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் மேல் அடையாளம் ஒரு பல்லுத் தள்ளி நின்றது. டென்ஷனரைத் தளர்த்தி, திரும்பப் போட்டுச் சுற்றினேன். இந்த முறை இரண்டும் நேருக்கு நேர் வந்து நின்றன. டென்ஷனர் போல்ட்டைக் கையால் பிடிபடும் அளவுக்கு இறுக்கினேன். அதன் பிறகு நீளப் பிடி ஸ்பேனரால் வடிவாக இறுக்க வேண்டும். அந்த ஸ்பேனர் காரின் மற்றப் பக்கத்தில் கிடந்தது.

அப்போதுதான் கேற்றடியில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. ராத்தா சோற்றுப் பாத்திரத்தோடு வந்திருந்தார்.

"வா வா, கையக் கழுவிட்டு வா. பாரக்குட்டி மீன் ஆணமும் கீரச் சுண்டலும். ஆறிப் போகும்."

என் மனைவி என்னை முற்றத்துக் கதிரையில் இருத்திச் சோற்றைப் போட்டுத் தந்தாள். நான் சாப்பிடச் சாப்பிட ராத்தா எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து, "இவ்வளவு சாமானையும் ஞாபகம் வெச்சிப் பூட்டுவியா நீ?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். வகுப்பில் நிற்பது மாதிரி நின்று விளக்கினேன். அவர் போனதும் லுஹர் தொழுதுவிட்டு வந்து, மூடிகளைத் துடைத்துப் பூட்டத் தொடங்கினேன்.

அசர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். தையல் மெஷின் மாதிரி ஓடியது. உம்மா உயிரோடு இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

பள்ளிக்குப் போய்த் தொழுகையில் நின்றேன். மூன்றாவது ரக்அத்தில், ருகூவில் குனிந்து இருக்கும்போது, நீளப் பிடி ஸ்பேனர் நினைவுக்கு வந்தது. அதைக் கையில் எடுத்த ஞாபகம் இல்லை. டென்ஷனர் போல்ட்டைக் கடைசியாக இறுக்கினேனா? சாப்பிடுவதற்கு முன்னர் இல்லை. சாப்பிட்ட பிறகா? யோசிக்க யோசிக்க, இறுக்கிய மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மச்சான் வந்து நிற்கிறார். பொனட்டைத் திறந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தார். "கெட்டிக்காரன் மச்சான் நீங்க!" திரும்பக் கழற்றிப் பார்ப்பதென்றால் சில்லைக் கழற்ற வேண்டும், அடிக் கப்பியைக் கழற்ற வேண்டும், எஞ்சின் மவுண்டைக் கழற்ற வேண்டும், மூன்று மூடி கழற்ற வேண்டும். நான்கு மணித்தியால வேலை. அதை விட, மச்சானின் முகத்தைப் பார்த்து, 'ஒரு போல்ட்டை இறுக்கினேனா என்று எனக்குத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். இறுக்கியிருப்பேன், பழகிய கை தானாகச் செய்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டே இரண்டு பெல்ட் மாற்றிய கைக்கு எங்கிருந்து பழக்கம் வரும்?

மச்சான் காரைக் கொண்டு போனார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஒவ்வொரு நாளும் அந்தச் சந்தேகம் வந்தது. புதன்கிழமை பாடசாலை விட்டு அவர்களின் வீட்டுக்குப் போய், சும்மா பார்ப்பது மாதிரி எஞ்சினை ஓட விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். பாலமுனை வரை ஓட்டிக்கொண்டும் போய் வந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. ராத்தா பயணத்துக்கு உடுப்பு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "பஸ்ஸில போங்க" என்று இரண்டு சொல் சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை விடியச் சுபஹு தொழுதுவிட்டு அவர்கள் வெளிக்கிட்டார்கள். எனக்குத் தவணைப் பரீட்சை மேற்பார்வை. எட்டு மணி போல பொக்கெட்டில் போன் அதிர்ந்தது. விறாந்தைக்கு வந்து எடுத்தேன். ராத்தா.

"தம்பி, கார் நிண்டுட்டு."

"எங்க?"

"பதியத்தலாவ தாண்டி. காடு. ஏத்தத்துல போகக்குள்ள ஒரு சத்தம் கேட்ட. பேந்து ஒண்டுமில்ல, அப்பிடியே நிண்டுட்டு."

"எப்பிடிச் சத்தம்?"

"போத்தலுக்குள்ள கல்லப் போட்டுக் குலுக்கின மாதிரி."

பிஸ்டன் வால்வை அடித்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. ராத்தாதான் என்னை ஆறுதல்படுத்தினார். "நீ பயப்பிடாத. எங்களுக்கு ஒண்டும் நடக்கல்ல. மச்சான் வடிவா ஓரமாக்கிட்டார். அல்ஹம்துலில்லாஹ்."

கிட்ட இருந்த சிங்களக் குடும்பம் ஒன்று ராத்தாவுக்குக் கதிரை கொண்டு வந்து போட்டு, செவ்விளநீர் வெட்டிக் கொடுத்ததாம். வந்த பஸ்கள் எல்லாம் நிரம்பி வந்தன. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒன்றில் ஏறி, மலை வளைவு முழுக்க நின்றுகொண்டு போய், கண்டி ஆஸ்பத்திரியில் இறங்கும்போது ஒன்றரை தாண்டிவிட்டது. லேசர் அடிக்கும் டாக்டர் போய்விட்டார். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், பிந்தி ஒரு திகதியை எழுதிக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை, கட்டியிழுத்து வந்த காரை அண்ணன் தன் கராஜில் திறந்தார். மச்சானும் நானும் பக்கத்தில் நின்றோம். மேல் மூடியை எடுத்தபோது பெல்ட் தொய்ந்து, பல்லுகள் ஓரிடத்தில் சீவின மாதிரி இருந்தது. மச்சானுக்கு வட்டையில் இருந்து போன் வந்தது, வாசலுக்குப் போனார். அண்ணன் கீழ் மூடியையும் கழற்றி, உள்ளே கையை விட்டார். டென்ஷனர் போல்ட்டில் விரலை வைத்தார். ஸ்பேனர் வைக்கவில்லை, வெறும் விரல். போல்ட் சுற்றியது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"சேர், இதக் கடைசியா இறுக்கினீங்களா?"

"ஓம்" என்றேன்.

அவர் போல்ட்டை விரலால் இன்னொரு தரம் சுற்றினார். பிறகு, "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார்.

மச்சான் திரும்பி வந்ததும், "பெல்ட் வழுக்கியிருக்கு. வால்வெல்லாம் வளஞ்சிருக்கும். எஞ்சின் ஹெட்டக் கழட்டோணும்" என்று மட்டும் சொன்னார்.

"புதுப் பெல்ட்டு! அஞ்சு நாள் ஆகல்ல!" மச்சானின் குரல் உயர்ந்தது. "டூப்ளிகேட்டத் தந்திருக்கான் மனிசன். என்ன மச்சான், அப்பிடித்தானே இருக்கும்?"

அண்ணன் குனிந்து சாமான் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய கை நின்றுவிட்டது.

"இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ தரம் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். போல்ட்டை மறந்தது மறதி. யாருக்கும் வரும். 'இருக்கும்' என்று சொன்னபோது எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

கராஜில் இருந்து நேராகக் கடைக்குப் போனோம். மச்சான் நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் சத்தம் அவர் கையில் இல்லை. நான்கைந்து பேர் சாமான் வாங்க நின்றார்கள். பெல்ட்டை மேசையில் எறிந்து, "ஹஜ்ஜுச் செஞ்ச மனிசன் விக்கிற சாமானா இது? என்ட பொஞ்சாதி நடுக்காட்டுல நிண்டா!" என்று ஏசினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவரைக் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுப் பெல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொம்பனிப் பெட்டியில வந்த சாமான்தான் மகன். ஆனா என்ட கையாலதான் தந்த. நான் இல்லெண்டு சொல்லல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி பாவம், நோம்பு மாதிரி ஒரு நாள் முழுக்கக் கஷ்டப்பட்டுச் செஞ்ச வேல" என்றார். எனக்காக அவர் வருத்தப்பட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

நான்காவது கிழமையில் ராத்தாவுக்குக் கண்ணில் கறுப்பு நூல் மாதிரி ஏதோ மிதந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகும்போது வலது கண் முழுக்கப் புகை அடைத்தது மாதிரி ஆகி, ஸ்கூட்டியை ஒரு மதிலோரம் நிறுத்திவிட்டு மச்சானுக்குப் போன் எடுத்தார். கண்ணுக்குள் இரத்தம் கசிந்து பரவியிருந்தது. அவசரமாகக் கண்டிக்குப் போனோம். லேசர் அடித்தார்கள், ஊசியும் போட்டார்கள். இடது கண் தப்பியது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டது அந்த நாள்தான்.

அதற்குப் பிறகு பழி வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியது. ஏற்றத்தில் மச்சான் வேகமாக ஓடியதால்தான் பெல்ட் போனது என்று ராத்தா ஒரு நாள் சொல்லிவிட்டார். மச்சான் சாப்பாட்டில் இருந்து எழும்பிப் போனார். தான் பஸ்ஸில் போவோம் என்று நினைத்ததையும் பிறகு மனம் மாறியதையும் சொல்லிச் சொல்லி அவர் தன்னையே குறை சொன்னார். கார் திருத்தி வந்த பிறகும் அவர் அதை ஓடவில்லை. ஸ்கூட்டியை விற்றார்கள். நான்தான் ராத்தாவை ஒவ்வொரு நாளும் பாடசாலையில் இறக்கிவிட்டேன். ஊரில் எல்லாரும், தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

பிறகு ஒரு பின்னேரம் ஹாஜியார் ராத்தாவின் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். மக்காவுக்கு உம்றா போகப் போவதாகவும், தெரிந்தவர்களிடம் எல்லாம் மாப்புக் கேட்டுக்கொண்டு வருவதாகவும் சொன்னார். கதிரையின் நுனியில் இருந்தார். பழப் பையை மேசையில் வைத்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"டீச்சர், ஒங்கட கண்ணுக்கு இப்பிடி ஆனதக் கேள்விப்பட்டதில இருந்து எனக்குச் சரியாச் சோறு எறங்கல்ல. தெரிஞ்சி செய்யல்ல. அல்லாஹ்வுக்காக என்ன மாப்பாக்கிக் கொள்ளுங்க."

ராத்தா முந்தானையைச் சரி செய்துகொண்டு, "ஐயோ ஹாஜியார், என்ன கதை இது. எனக்கு எழுதினது. நான் எப்பவோ மாப்பாக்கிட்டன். நீங்க மனசுல வெச்சிக்காதீங்க. மக்காவுல எனக்கும் துஆக் கேளுங்க" என்றார்.

ஹாஜியாரின் கண் கலங்கியது. அவர் மச்சானிடமும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, ஒங்களையும் தலகுனிய வெச்சிட்டன். மாப்புச் செய்ங்க" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் கையில் இருந்து என் கையை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் கடைக்குப் போனேன். மதிய நேரம், ஆட்கள் இல்லை. ஹாஜியார் பெட்டிகளில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். டென்ஷனர் போல்ட்டை நான் இறுக்கவில்லை, பெல்ட்டில் ஒரு பிழையும் இல்லை, உங்கள் மேல் வந்த பழி பொய் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை.

"எத்தின நாளாத் தெரியும்?"

"கராஜில தொறந்த அண்டே தெரியும்."

"நேத்து நான் டீச்சர்ட்ட மாப்புக் கேக்கக்குள்ள நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"ஓம்."

அவர் தூசித் துணியை மடித்து மேசையில் வைத்தார். "மிச்சம் இருந்த பெல்ட் அவ்வளவத்தையும் கத்தியால வெட்டிப் போட்டன், ஆரும் எடுத்துப் பாவிக்கக் கூடா எண்டு. முந்தி வாங்கின ரெண்டு பேருக்குச் சொல்லி அனுப்பி, அவங்களும் கழட்டிட்டாங்க. நல்ல சாமான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாப்பாக்கிட்டன். உம்றாவுக்குப் போறவன் வேற என்ன செய்யிற?"

அப்போது ஒருவர் பிரேக் ஒயில் கேட்டு வந்தார். ஹாஜியார் அவரைப் பார்க்கப் போனார்.

அங்கிருந்து ராத்தாவின் வீட்டுக்கு நடந்தே போனேன். இருவரையும் முன்னால் இருத்தி வைத்துச் சொன்னேன். மச்சான் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போடவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "அத்தின பேருக்கு முன்னால அந்த மனிசன ஏசினனே" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக் கடைக்குப் போனார்.

ராத்தாவும் நானும் மட்டும் இருந்தோம். அவர் இடது கண்ணை என் பக்கம் வைத்துத் தலையைக் கொஞ்சம் திருப்பினார். அப்படித் திருப்பித்தான் இப்போது ஆட்களைப் பார்க்கிறார்.

"நாங்க வெளிக்கிட முன்னம் ஒனக்குச் சந்தேகம் இருந்திச்சா?"

இல்லை, பிறகுதான் தெரிய வந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"இருந்திச்சி" என்றேன்.

"புதன்கிழம வந்து எஞ்சின ஓட்டிப் பாத்தது அதுக்கா?"

"ஓம் ராத்தா."

அவர் எழும்பி உள்ளே போனார். சுவரைத் தடவிக்கொண்டு போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் மச்சான் வரும் வரை இருந்தேன். அவர் வந்து, "போங்க மச்சான், பேந்து வாங்க" என்றார்.

காரைதீவு அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வேனின் கீழே படுத்திருந்தார். வெளியே வராமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும்தானே சேர். நீங்க சொல்லுவீங்க எண்டு ஒரு கிழமை பாத்துக்கொண்டு இருந்தன். பேந்து பாக்கிறத விட்டுட்டன்."

ஒரு மாதத்துக்கு மேல் ராத்தா என்னோடு கதைக்கவில்லை. பாடசாலைக்கு முச்சக்கரவண்டியில் போனார். என் மனைவி போய் வந்தாள். பிள்ளைகள் போய் வந்தார்கள். அவர்களோடு எப்போதும் போல இருந்தார். பெருநாள் அன்று நான் போனபோது சாப்பாடு போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. நான் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு என்ன இருக்கிறது?

ஹாஜியார் உம்றாவில் இருந்து வந்து ராத்தாவின் வீட்டுக்குச் சம்சம் தண்ணியும் பேரீச்சம்பழமும் கொண்டு போய்க் கொடுத்தார். என் வீட்டுக்கும் ஒரு சின்னப் போத்தல் ஆள் மூலம் வந்தது. கடைக்குப் போனால் சலாம் சொல்கிறார், சாமான் எடுத்துத் தருகிறார். ஆனால் முன்னர் தம்பி என்று கூப்பிட்டவர் இப்போது சேர் என்கிறார். நான் சாமான் வாங்குவதோடு சரி. வேலையை அண்ணன் செய்கிறார். ஸ்பேனர் பெட்டியை நான் தொட்டு இரண்டு வருடமாகிறது.

ராத்தாவின் கோபம் எப்படித் தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தீர்ந்ததா என்றும் தெரியாது. ஒரு நாள் போன் எடுத்து, "மச்சானுக்கு வயல் வெட்டு வேல. திங்கக்கிழம கிளினிக்குக்கு நீ வாறியா?" என்று கேட்டார். போனேன். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவரும் நானும் பஸ்ஸில் கண்டிக்குப் போகிறோம். பஸ்தான் வேண்டும் என்று அவர் சொன்னார். அந்தப் பேச்சை அவர் திரும்ப எடுத்ததில்லை. பாடசாலைக் கதை கதைப்பார், மருமக்களைப் பற்றிக் கதைப்பார், பசித்தால் பொதியைப் பிரித்து இடியப்பம் தருவார்.

போன முறை எங்களுக்கு வலது பக்க ஜன்னல் இருக்கைதான் கிடைத்தது; ஜன்னல் ராத்தாவின் மங்கிய கண் பக்கம். மஹியங்கனைப் பாலத்தில் பஸ் ஏறியபோது ராத்தா கேட்டார்.

"ஆத்துல தண்ணி இரிக்கா?"

"இரிக்கி. கரை முட்ட இல்ல. ரெண்டு பேர் உடுப்புக் கழுவுறாங்க."

"பொம்புளைகளா?"

"இல்ல, ஆம்புளைகள். ஒராள் கல்லுல நல்லா அடிக்கார்."

"சேட்டு கிழியப் போகுது" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். பஸ் மலையில் ஏறத் தொடங்கியது.